அவள் இதே ஊரில்தான் இருக்கிறாள்

எங்கள் பாலக்கோட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்யணும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சேதி கேட்டதுமே பக்கத்து வீட்டு அடுப்பில் காபிக்குத் தண்ணீர் ஏறிவிடும். சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் யாரோ ஒருத்தர் போன் பண்ணிவிடுவார். விடியற்காலை தக்காளி மண்டியில் ஏலம் பார்த்துக்கொண்டிருப்பவர்கூட மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, போட்டுவிட்டுப் போவார். வருகிறவர்களை வீட்டுக்காரர்கள் ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறவர்களும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல மாட்டார்கள். காரியம் முடிகிறவரை துக்கம் கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கும். ‘எப்படி ஆச்சு, நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்’ என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள். வீட்டுக்காரம்மாவும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்வார். அப்படித் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடும்.

எனக்கு ஒரு நட்பு போய்விட்டது. அவள் உயிரோடு, சௌக்கியமாக, இதே ஊரில்தான் இருக்கிறாள். அதனாலேயே என்னிடம் துக்கம் கேட்க யாரும் வரவில்லை. நானும் என் மகளைத் தவிர யாரிடமும் முதலிலிருந்து சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இடம். அவர்களுக்கு ஊருக்கு வெளியே கரும்புக் காடு. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் வீட்டில் தமிழ். எங்கள் தெருவில் கன்னடமும் உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் இதெல்லாம் சகஜம். அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் நான் தெலுங்கு கற்றுக்கொண்டேன். அவள் அம்மா என்னை ‘அம்மாயி’ என்றுதான் கூப்பிடுவார். களி கிளறிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டுவார். அதனால் எனக்குத் தெரிந்த தெலுங்கு முழுக்கச் சமையலறைத் தெலுங்கும் திட்டுத் தெலுங்கும்தான். கடையில் கணக்குப் பேச அது உதவாது. ஒரே ஒருத்தியிடம் மட்டும் பேச முடிகிற பாஷையாக அது இருந்தது.

பள்ளி முடிந்து தர்மபுரியில் தமிழ் பி.ஏ. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. தினமும் பஸ். ஆலையில் அரைவை நடக்கிற மாதங்களில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பஸ் ஊர்ந்துதான் போகும். அந்த நேரத்தில் நாங்கள் பேசாத பேச்சில்லை. பரீட்சைக்கு அவள் வாய்விட்டுப் படிப்பாள், நான் கேட்டுக்கொண்டே வருவேன். கல்லூரியில் படித்ததில் பாதி அவள் குரலில்தான் எனக்குள் இருக்கிறது.

பெண்களின் நட்பு எங்கே முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்தில் முடியும். மணமேடைக்குப் பின்னால் தலையில் பூ வைத்துவிடுகிற தோழியைப் புகைப்படத்தில் பார்க்கலாம். அடுத்த வருஷம் அவள் எங்கே என்று கேட்டால் ஓசூர், திருப்பூர், பெங்களூரு என்று ஒரு ஊர்ப் பேர் வரும். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ஒருத்தியிடம் பேசுவதென்றால் அவள் வீட்டுக்காரரின் போனுக்குத்தான் அடிக்க வேண்டும். அவர் ‘யாரு?’ என்று கேட்பார். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிடுவோம். எங்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. அவளை அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்தார்கள், பக்கத்திலேயே. எனக்கும் மாப்பிள்ளை இதே ஊர். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார், கடன் எல்லாவற்றையும் எங்கள் நட்பு தாண்டி வந்தது. தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை போட்டபோது முதல் மிஷினுக்குப் பணம் குறைந்தது. அவள் தன் வளையலைக் கழற்றி அடகு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வட்டியோடு மீட்டுக் கொடுத்தேன். அந்த வளையல் இன்றைக்கும் அவள் கையில்தான் இருக்கிறது. காய் வாங்க வரும்போதெல்லாம் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கீரை ஆய்ந்தபடியே பேசுவாள். என் கடையில் பட்டா நகல் எடுக்க வந்த பல பேருக்கு அவளைத்தான் கடைக்காரம்மா என்று நினைப்பு.

அந்த நட்பு போய்விட்டது என்று சொன்னால் ஊர் மூன்று கேள்வி கேட்கும். பணமா, சொந்தக்காரர்கள் மூட்டிவிட்டதா, கட்சி சாதிச் சண்டையா? வளையல் கதை தெரிந்தவர்கள் ‘பணமாத்தான் இருக்கும்’ என்று முடிவே கட்டிவிட்டார்கள். மூன்றும் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. சண்டை போட்டிருந்தால் ஊருக்குப் புரியும். சண்டையில் நியாயம் பேசலாம், சமாதானம் பண்ணலாம், ஒருத்தர் பக்கம் சேர்ந்துகொள்ளலாம். எங்களுக்குள் ஒரு சுடுசொல் கிடையாது. முதலில் ஸ்டூலில் உட்காருகிற நேரம் குறைந்தது. பிறகு ‘வேலையா இருக்கேன்டி, அப்புறம் பேசறேன்.’ அந்த அப்புறம் வரவில்லை. பிறகு போனை எடுப்பது நின்றது. காய் வாங்க அவள் வேறு வழியாகப் போகிறாள் என்று பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டேன், ‘என் மேல என்னடி கோபம், சொல்லு.’ அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘கோபமா, ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்கேன். நீ நல்லா இருக்கியா?’ என்றாள். சண்டைக்காவது வழி உண்டு. அந்த ‘ஒண்ணுமில்லையே’வுக்கு மேல் கேட்க எனக்கு எதுவுமில்லை.

பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தாள். மற்ற கடையில் மிஷின் ரிப்பேராக இருந்திருக்க வேண்டும். ஏதோ பேங்க் வேலை. பட்டாவும் ஆதாரும் கொண்டுவந்திருந்தாள். ‘முன்னும் பின்னும், ரெண்டு காப்பி’ என்றாள். நான் கண்ணாடியில் ஆதார் அட்டையை வைத்து மூடினேன். ஆதார் போட்டோ எடுத்த அன்றைக்கு இரண்டு பேரும்தான் போயிருந்தோம், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். முதல் நாள் அவள் சேலையில் மை கொட்டிவிட்டதென்று என் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சூடாக வெளியே வந்த தாளில் அவள் முகமும், தோளில் என் சேலைக் கரையும் கறுப்பு வெள்ளையில் இருந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். ‘எவ்வளவுங்க?’ என்று கேட்டாள். இருபது ரூபாய்த் தாளை மேசை மேல் வைத்தாள். நான் மீதியை எண்ணிக் கொடுத்தேன். ஜெராக்ஸுக்கென்று அவளிடம் அதற்கு முன்னால் நான் காசு வாங்கியதே இல்லை.

அன்றைக்கு ராத்திரி நான் அழுதது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ‘விடு, அவளுக்கு என்ன கஷ்டமோ’ என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒரு பிணம் கிடந்தால் யாரும் ‘விடு’ என்று சொல்வதில்லையே.

நான் பிறந்து வளர்ந்த இந்த மண்ணில்தான் தமிழின் மிகப் பெரிய நட்புத் துக்கம் நடந்தது. பழைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் இங்கேதான் பழகினார்கள். நெல்லிக்கனிக் கதை எங்கள் மாவட்டத்தில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். கிடைத்தற்கரிய கனி, தின்றால் ஆயுசு நீளும். அதைத் தான் தின்னாமல் அவளுக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் அந்தச் செய்தி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர் மேல் படையெடுத்து வந்தான், தகடூர் விழுந்தது. அதியமான் போரில் செத்துப்போனான். ஔவை இருந்தாள். ஆயுசு நீளக் கனி தின்றவள், கொடுத்தவனின் சாவைப் பார்க்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையில் என்னை உலுக்குவது இதுதான்.

அவன் இறந்த பிறகு அவள் பாடியவை புறநானூற்றில் 231, 232, 235. மூன்றையும் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் என் தோழி வாய்விட்டுப் படிக்க நான் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அவை பரீட்சைப் பாட்டு. இப்போது 235-ஐத் திரும்ப எடுத்துப் படித்தபோது ஒன்று பிடிபட்டது. அதியமான் எத்தனை கோட்டை பிடித்தான், எவ்வளவு பெரிய வீரன் என்பதிலிருந்து ஔவை தொடங்கவில்லை. கள்ளில் தொடங்குகிறாள். கொஞ்சம் இருந்தால் முழுதும் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் சேர்ந்து குடித்தோம் என்கிறாள். அப்புறம் சோறு. அப்புறம் கறித்துண்டு. அப்புறம், புலால் வாடை அடிக்கிற தன் தலையை மணக்கும் கையால் அவன் வருடிக் கொடுத்தது. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் அவன் நெஞ்சில் பாய்ந்த வேல் வருகிறது. அந்த வேல் அவனோடு நிற்கவில்லை, அவனை நம்பியிருந்த பாணர்களையும் புலவர்களையும் துளைத்துக்கொண்டு போகிறது.

ஒரு குறுநில மன்னனுக்கு எழுதிய இரங்கற்பா என்று நினைத்துப் படித்தால் இதில் ராஜா கொஞ்சமாகத்தான் இருக்கிறான். பகிர்ந்து தின்றதும் குடித்ததும் தொட்டதும்தான் நிறைய. துக்கம் எனக்கும் இப்படித்தான் வருகிறது. என் தோழி நல்லவள், உதவி பண்ணினாள் என்றெல்லாம் நினைவு வருவதில்லை. மாம்பழ சீசனில் கொட்டையை எனக்குத் தள்ளிவிட்டுக் கதுப்பை அவள் எடுத்துக்கொள்வாள், எனக்குக் கொட்டை சூப்பத்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலைவலி என்றால் சொல்லாமலே பின்னால் வந்து நின்று பொட்டை அழுத்திவிடுவாள். அவள் கையில் எப்போதும் கொத்தமல்லி வாசம் இருக்கும். மாமியார் பேசினதை அவள் மாமியார் மாதிரியே பேசிக் காட்டுவாள். இதையெல்லாம் எழுதி வைக்க ஏற்ற இடம் எது என்று எனக்கு ஔவைதான் காட்டினாள்.

232-ஆம் பாட்டு நடுகல்லைப் பற்றியது. அதியமானுக்குக் கல் நட்டு, மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று அவள் கேட்கிறாள். நடுகல் என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் புத்தகத்துச் சங்கதி அல்ல. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கோயில் ஓரத்திலும் கையில் வில்லோடும் வாளோடும் வீரன் நிற்கிற கல்லைச் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறோம். மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் அப்படிப்பட்ட கற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மண்ணுக்குச் செத்தவனை நினைத்துக் கல் நடும் பழக்கம் அவ்வளவு பழையது. உயிரோடு விலகிப்போனவளுக்கு நட அதில் ஒரு கல்லும் கிடையாது.

பொத்தியார் நினைவும் வருகிறது. கோப்பெருஞ்சோழனின் நண்பர். சோழன் வடக்கிருந்து உயிர்விட்ட பிறகு பொத்தியார் உறையூருக்குத் திரும்புகிறார். ஊர் அப்படியே இருக்கிறது, மன்றம் இருக்கிறது, அவன் மட்டும் இல்லை. பல வருஷம் சோறு போட்டு வளர்த்த யானை செத்த பிறகு அது கட்டியிருந்த வெற்றுத் தறியைப் பார்த்து அழுகிற பாகனைப் போல ஊர் மன்றத்தைப் பார்த்துக் கலங்கினேன் என்பது அந்த 220-ஆம் பாட்டின் செய்தி. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி பஸ் நிற்கிற இடத்தை நான் தினமும் கடக்கிறேன். பொத்தியாருக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டாம் என்று தோன்றும்.

ஆனால் ஔவையிடம் எனக்கு இன்னொன்று கிடைத்தது. அவள் அதியமானோடு எப்போதும் இனிக்க இனிக்கப் பழகியவள் அல்ல. ஒரு தடவை பரிசு கொடுக்காமல் அவன் நாள் கடத்துகிறான். அவளுக்குக் கோபம் பொங்குகிறது. காவலாளியைப் பிடித்து, உன் தலைவனுக்குத் தான் யார் என்று தெரியாதா, நான் யார் என்றும் தெரியாதா என்று கேட்கிறாள். யாழையும் பையையும் எடுத்துக் கட்டிவிட்டாள். அறிவும் புகழும் உள்ளவர்கள் செத்து உலகம் வெறுமையாகிவிடவில்லை, எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சோறு உண்டு என்று கிளம்பிவிட்டாள். அது 206-ஆம் பாட்டு. 101-ஆம் பாட்டில் அதே ஔவை, எத்தனை நாள் போனாலும் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் தடவை போலவே அவன் முகம் மலர்வான் என்கிறாள். பரிசு தாமதமானாலும் அது கைக்கு வந்த மாதிரிதான் என்று தன் நெஞ்சைத் தானே தேற்றுகிறாள். தொகுத்தவர்கள் அடுக்கிய வரிசை எப்படியோ இருக்கட்டும், நான் 206-ஐ முதலில் படித்துவிட்டு அப்புறம் 101-க்கு வருகிறேன். கோபித்துக்கொண்டு வாசல் வரை போகவும் அவளுக்கு உரிமை இருந்தது, திரும்பி உள்ளே வரவும் இருந்தது. என் தோழி வாசலில் நின்று கத்தியிருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

சண்டை போட்டும் விட்டுப்போகாத நட்பு இன்னொன்றும் உண்டு. ஓசூர் பக்கம் தொரப்பள்ளி என்றொரு ஊர். ராஜாஜி 1878-இல் அங்கேதான் பிறந்தார். 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிகிற வரைக்கும் அது எங்கள் தர்மபுரி மாவட்டத்து ஊர். அவருக்கும் பெரியாருக்கும் இருந்த நட்பை நினைத்தால் எனக்குப் பெருமூச்சு வருகிறது. இரண்டு பேரும் காங்கிரசில் ஒன்றாக இருந்தார்கள். 1925-இல் பெரியார் வெளியேறினார். அதற்குப் பிறகு ஒத்துப்போக அவர்களுக்கு ஒன்றுமே மிச்சமில்லை. கடவுள், சாதி, இந்தி எல்லாவற்றிலும் எதிரெதிர். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் பெரியார் ஊர் ஊராகப் பேசினார். அடுத்த வருஷம் ராஜாஜி பதவி விலகினார். இவ்வளவும் மேடையில், பத்திரிகையில், உலகம் பார்க்க. ஆனால் 1949-இல் தன் வாழ்க்கையில் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டியபோது பெரியார் திருவண்ணாமலைக்குப் போய் ராஜாஜியைத்தான் பார்த்துப் பேசினார். 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி காலமானார். அப்போது பெரியாருக்கு 93 வயது. சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். ஒரு வருஷம் கழித்து, 1973 டிசம்பர் 24-ஆம் தேதி அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதே 1949-இல் பெரியாரை விட்டுப் பிரிந்த அண்ணா, தி.மு.க.வைத் தொடங்கியபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டுவைத்தார். 1967-இல் தேர்தலில் ஜெயித்ததும் பதவியேற்பதற்கு முன்னால் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். நடுவில் பதினெட்டு வருஷப் பேச்சும் ஏச்சும் இருந்தன. இவர்களையெல்லாம் நான் அரசியலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இதில் நூறில் ஒரு பங்கு பேதம்கூட இல்லையே என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது. பேதத்தால் நட்பு சாவதில்லை என்று அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பின்னே எதனால் சாகிறது என்பதை அவர்கள் கதையில் தேடிப் பயனில்லை.

அதனால் துக்கத்தை ஆராய்ந்தவர்கள் பக்கம் போனேன். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் ஒரு நூல் கொண்டுவந்தார். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றியது. சட்டப்படி உறவில்லாதவர்களின் சாவு, வெளியே சொல்ல முடியாத இழப்பு இப்படியெல்லாம். துக்கப்படுகிறவருக்கு அழ உரிமை இல்லாமல் போகிறது, விடுப்பு இல்லை, சடங்கு இல்லை, ஆறுதல் இல்லை. அதனால் துக்கம் இன்னும் கூடுகிறது என்பது அவர் சொல்வது. பாலின் பாஸ் என்று இன்னொருவர். வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களோடு பேசி ஆராய்ச்சி செய்தவர். ஆள் இல்லை, ஆனால் மனதுக்குள் இருக்கிறார். அல்லது ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் நாம் அறிந்த அந்த ஆள் இல்லை. முடிவு தெரியாத அந்த இழப்பில் மனிதர்கள் உறைந்துபோகிறார்கள், துக்கத்தைத் தொடங்கவே முடிவதில்லை என்கிறார் அவர். மறதி நோய் வந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளையும் அவர் இதில் சேர்க்கிறார். போரில் காணாமல் போனவனுக்காகக் காத்திருக்கிறவளின் பாரத்தோடு என்னுடையதை ஒப்பிட மாட்டேன். ஆனாலும் அவர்கள் எழுதியதைப் பற்றிப் படித்தபோது ‘விடு’ என்ற சொல்லுக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

அந்த ‘உரிமை’ என்ற விஷயத்தை நான் தினமும் என் கடையில் பார்க்கிறேன். வருமானச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, பேங்க் கணக்கு, இன்ஷூரன்ஸ், ஸ்காலர்ஷிப் என்று ஊரில் பாதிப் பேரின் விண்ணப்பங்கள் என் கையால்தான் நிரம்புகின்றன. எல்லாவற்றிலும் ‘உறவுமுறை’ என்றொரு கட்டம் இருக்கும். தந்தை, தாய், கணவர், மகன், மகள் என்று எழுதுகிறேன். சில சமயம் மாமனார், கொழுந்தனார்கூட எழுதியிருக்கிறேன். தோழி என்று எழுதச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது அவள்தான். பாரத்தில் கையெழுத்துப் போடும்போது ‘நீங்க யாரு?’ என்று நர்ஸ் கேட்டார். அவள் யோசிக்காமல் ‘தங்கச்சி’ என்றாள். அப்படிச் சொன்னால்தான் உள்ளே இருக்க விடுவார்கள். தங்கச்சி என்ற பேரில்தான் அவள் என் பக்கத்தில் உட்கார முடிந்தது. தங்கச்சியாகவே இருந்திருந்தால் இப்படி விலகிப் போக ஊர் விட்டிருக்காது என்றும் தோன்றுகிறது. உறவுக்குள் பேச்சு நின்றுபோனால் பெரியவர்கள் நடுவில் வந்து உட்காருவார்கள். பொங்கலுக்குச் சீர் போக வேண்டும், கல்யாணத்துக்குத் தட்டு எடுக்க வேண்டும், இழவுக்குக் கோடி போட வேண்டும். இஷ்டமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பந்தலில் நின்றாக வேண்டும். நட்புக்கு அப்படிப் பிடித்து வைக்கிற கயிறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் இஷ்டப்பட்டு வந்து உட்கார்ந்தால்தான் உண்டு. அதனால்தான் அது அத்தனை இனித்தது என்பதும் உண்மை. யாரும் அனுப்பாமல், எந்தக் கடமையும் இல்லாமல், கீரைக்கட்டோடு அவள் என் கடை ஸ்டூலுக்கு வந்தாளே.

என் மகளுக்கு இதெல்லாம் தெரியும். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரு தடவை ரயிலில் கிளம்பும்போது, ‘அம்மா, உனக்கு யாராவது செத்துப்போன மாதிரி நீ இருக்கே, பேசும்மா’ என்றாள். அன்றைக்குப் பாலக்கோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு எல்லாம் சொன்னேன். ‘எப்படி ஆச்சு?’ என்று அவள் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டியிருந்தது. ரயில் வந்துவிட்டது. மிச்சத்தைப் போனில் சொன்னேன், ராயக்கோட்டை தாண்டுகிற வரைக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படி இருந்தால் அவர்களிடமும் போய் உட்கார்ந்து கேளுங்கள். காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். இன்னொரு தோழி கிடைப்பாள் என்று சொல்ல வேண்டாம். பிள்ளை போன வீட்டில் யாராவது அப்படிச் சொல்வோமா?

தோழியின் அம்மாவை மட்டும் சந்தையில் பார்ப்பேன். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை, என் குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார். ‘அம்மாயி, ஏன் வீட்டுப் பக்கமே வர்றதில்லை?’ என்று தெலுங்கில் கேட்பார். நானும் என்னுடைய சமையலறைத் தெலுங்கில் ஏதோ சொல்லி, அவர் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நடப்பேன். மகளுக்கும் எனக்கும் நடுவில் என்ன என்று அவர் கேட்டதில்லை. எனக்கும் அவரிடம் அதைச் சொல்லத் தோன்றியதில்லை. அந்தப் பாஷையை வாயில் வைத்துக்கொள்ள எனக்கு மிச்சமிருக்கிறது அந்த நடை மட்டும்தான்.

போன வாரம் தோழியின் மகள் கடைக்கு வந்தாள். என் மடியில் வளர்ந்த பிள்ளை, என்னைச் ‘சித்தி’ என்றுதான் கூப்பிடுவாள். கையில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் தடவியது. உறையின் மேல் என் பெயர் அவள் அம்மா கையெழுத்தில் இருந்தது. அந்த ‘ழ’வை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். ‘சித்தி, நீங்க கட்டாயம் வரணும். நான் உங்களை மேடையில இருந்து தேடுவேன்’ என்றாள். அம்மா ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காபி வாங்கிக் கொடுத்து, பழைய கதை ரெண்டு சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் பேசினேன். முந்தின நாள் ரிசப்ஷனுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றார். அவருக்கு என் முகம் வாடிவிடுமோ என்று பயம். நான் முகூர்த்தத்துக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேச்சு திரும்ப வரும் என்ற கணக்கில் போகவில்லை. அவள் ‘வாங்க’ என்றால் நானும் ‘வரேங்க’ என்று சொல்லி உள்ளே போவேன். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றைக்குத் தொட்டில் கட்டியவள் நான், தாலி கட்டும்போது அங்கே நிற்கணும். எப்போதும் அவர் பெயரில்தான் மொய் எழுதுவோம். இந்தத் தடவை என் பெயரிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கடை விடுமுறை என்று அட்டையும் எழுதி ஒட்டியாயிற்று.